ராஜினாமா கடிதத்தைக் கடைசியா எழுதுங்க! உடம்பு முடியாம வேலையை விடுறவங்களுக்கான வரிசை

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஒயிட்போர்டு இல்ல. பச்சை ஃபைல் மட்டும் மேசை மேல இருக்கு. பழைய வீடியோ பாத்தவங்களுக்கு அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். புதுசா வந்தவங்க அப்படியே கேட்டுக்கிட்டே வாங்க, நடுநடுல தானா புரியும்.

போன வீடியோக்குக் கீழ திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கேள்வி வந்திருக்கு. "உடம்பு முடியல, வேலையை விட்டுட்டேன், இப்ப எனக்கு என்னென்ன கிடைக்கும்?" இதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது. கேக்குறவங்க மேல கோவம் இல்ல. ஆஸ்பத்திரி பெட்ல கிடக்கிற ஆளுகிட்ட "ஒரு ரிசைன் மெயில் மட்டும் போட்டுடுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு சொல்றாங்க பாருங்க, அந்தப் பழக்கம் மேலதான் கோவம். அந்த மெயில்ல "சொந்தக் காரணங்களுக்காக"ன்னு ரெண்டே வார்த்தை இருக்கும். அந்த ரெண்டு வார்த்தைல எவ்வளவு பணம் போகுதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு வரும்போது கம்பெனி தர்ற பணிக்கொடை. 5 வருஷம் முடிஞ்சாத்தான் கிராஜுவிட்டின்னு எல்லாரும் மனப்பாடமா வச்சிருக்கோம். ஆனா இறப்புலயோ உடல் இயலாமைலயோ வேலை முடிஞ்சா அந்த 5 வருஷ நிபந்தனை கிடையாது. 1972 சட்டத்துலயே அப்படித்தான் எழுதியிருந்துச்சு, அதுக்குப் பதிலா 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்துலயும் அப்படித்தான். இயலாமைன்னா என்ன? விபத்தாலயோ நோயாலயோ, அதுக்கு முன்னாடி செஞ்ச அதே வேலையை இனிமே செய்ய முடியாத நிலை. கணக்கு போட்டுப் பாருங்க. கடைசி மாச அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் (பேசிக், டிஏ) சேத்து 26,000, சர்வீஸ் 4 வருஷம். 26,000-ஐ 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கினா 15,000. அதை 4-ஆல பெருக்கினா 60,000 ரூபாய். மருத்துவக் காரணம்னு எழுதி, டாக்டர் சர்டிஃபிகேட் சேத்து வெளிய வந்தா இந்த 60,000-ஐக் கேட்டு வாங்கலாம். சொந்தக் காரணம்னு எழுதிட்டா பூஜ்யம்.

ரெண்டாவது, பிஎஃப் கூடவே வர்ற பென்ஷன். பாஸ்புக்கைத் திறந்தீங்கன்னா மூணு பத்தி இருக்கும். உங்க பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் பங்கு. மூணாவது பத்தில மாசாமாசம் 1,250 வரை ஏறியிருக்கான்னு பாருங்க. அங்க பூஜ்யமா இருந்தா இனி நான் சொல்றது உங்களுக்குப் பொருந்தாது. 2014 செப்டம்பருக்கு அப்புறம் முதல் தடவையா பிஎஃப்ல சேந்து, சம்பளமும் 15,000-க்கு மேல இருந்தவங்களுக்கு அந்தப் பத்தில பணம் ஏறாது. அது தப்பு இல்ல, விதியே அப்படித்தான்.

ஏறியிருந்தா இதைக் கவனிங்க. சாதாரண பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், 58 வயசு ஆகணும். 50-க்கு மேல முன்கூட்டியே வாங்கலாம், ஆனா 58-க்குக் குறையற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. பென்ஷன் கணக்குக்கு எடுக்கிற சம்பளம் 15,000, சர்வீஸ் 18 வருஷம்னா 15,000 பெருக்கல் 18 வகுத்தல் 70. 3,857 ரூபாய் வரும். 55 வயசுல வாங்கினா 12 சதவீதம் போய் 3,394. இது ஆயுசுக்கும் அப்படியே. 58 ஆனதும் ஏத்தித் தர மாட்டாங்க.

ஆனா நிரந்தர முழு இயலாமை பென்ஷன்னு தனியா ஒண்ணு இருக்கு. அதுக்கு 10 வருஷமும் வேண்டாம், 50 வயசும் வேண்டாம். ஒரே ஒரு மாசப் பங்களிப்பு ஏறியிருந்தாப் போதும். 4 சதவீத வெட்டும் கிடையாது. மாசம் குறைஞ்சது 1,000 ரூபாய். ஃபார்ம் 10டி-ங்கிற பென்ஷன் விண்ணப்பம் போடணும், மெடிக்கல் போர்டு பாத்து, செஞ்சுக்கிட்டிருந்த வேலைக்கு நிரந்தரமா தகுதியில்லன்னு சொல்லணும். இதுல ஒரு முள்ளு இருக்கு. இயலாமை வந்தது வேலையில இருக்கும்போதுன்னு இருக்கணும். மார்ச்ல ரிசைன் பண்ணிட்டு ஜூன்ல மெடிக்கல் பேப்பர் கொண்டு போனா, வேலையில இருக்கும்போது வந்ததுன்னு நிரூபிக்கிற வேலை உங்க தலைல. அதனால பேப்பர் தேதி முன்னாடி, வெளிய வர்ற தேதி பின்னாடி. ஆபீஸ் பிஎஃப் போர்ட்டல்ல உங்களை வெளியேத்தும்போது காரணம்னு ஒரு கட்டம் வரும். அதுல ஓய்வு, இறப்பு, நிரந்தர இயலாமைன்னு தனித்தனியா இருக்கு. எதைத் தேர்ந்தெடுக்கறாங்கன்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க.

10 வருஷம் ஆகாதவங்க ஃபார்ம் 10சி போட்டு அந்தப் பென்ஷன் பணத்தை மொத்தமா எடுத்துடறாங்க. நோய் நேரத்துல கைல காசு வேணும், எனக்குப் புரியுது. ஆனா எடுத்துட்டா அந்தச் சர்வீஸ் அழிஞ்சுடும். 10டி-க்குத் தகுதி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் 10சி-யைத் தொடுங்க.

வரியும் இருக்கு, சின்ன விஷயம்தான். 5 வருஷத்துக்குள்ள பிஎஃப் எடுத்தா வருமானவரி வரும். உடல்நலக் குறைவால வேலை முடிஞ்சிருந்தா வராது. அங்கயும் அதே காரணம், அதே தாள்.

அடுத்து அரசு வேலைல இருக்கிறவங்களுக்கு. இதைக் கொஞ்சம் சத்தமா சொல்றேன். பக்கவாதம் வந்துடுச்சு, பார்வை போயிடுச்சுன்னு விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுக்காதீங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20. பணிக்காலத்துல மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை பாக்க முடியலன்னா அதே சம்பளத்துல வேற இடம் தரணும். இடமே இல்லன்னா கூடுதல் பணியிடம் உருவாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கிற வரைக்கும் இல்ல ஓய்வு வயசு வரைக்கும் வச்சுக்கணும். நீங்களா எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா, அவங்க நீக்கல, நீங்களே போனீங்கன்னு ஆயிடும்.

அடுத்து இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. இதைப் பத்திப் பேச எனக்கு ரொம்பப் பிடிக்கும், உங்களுக்கே தெரியும். சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கிறவங்களுக்கு மாசம் முக்கால் சதவீதம் பிடிக்கிறாங்க இல்ல, அந்தக் காசுக்கு இவ்வளவு தர்ற வேற ஒரு திட்டத்தை நான் பாத்ததில்ல. வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். புற்றுநோய், காசநோய், பக்கவாதம் மாதிரி 34 நீண்டகால நோய்ப் பட்டியல்ல இருந்தா 80 சதவீதம், ரெண்டு வருஷம் வரைக்கும் போகும். அதுக்கு ரெண்டு வருஷத் தொடர் வேலையும் அதுல 156 நாள் பங்களிப்பும் வேணும். எங்க சொதப்புதுன்னா, தனியார் டாக்டர் சீட்டை வச்சுக்கிட்டு வீட்டுல இருந்துடறாங்க. இஎஸ்ஐ டாக்டர் சர்டிஃபிகேட்தான் கணக்கு. அதை அப்பப்ப கிளை அலுவலகத்துல சேக்கணும். மூணு மாசம் கழிச்சு மொத்தமாக் கொண்டு போய் நீட்டினா நாளை வெட்டுவாங்க.

அந்த 120 ரூபாய்! இதைச் சொல்லாம நான் நகர மாட்டேன். 5 வருஷம் இஎஸ்ஐ-ல இருந்துட்டு ஓய்வு வயசுலயோ, விஆர்எஸ்-லயோ, முன்கூட்டிய ஓய்வுலயோ வெளிய வர்றவங்க வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினா கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் மருத்துவ வசதி தொடரும். மாசத்துக்கு 10 ரூபாய் மக்களே. வெளிய ஒரு தடவை டாக்டரைப் பாத்து மாத்திரை வாங்கினாலே இதை விடப் பல மடங்கு ஆகும். ஆனா இங்கயும் அதே கதைதான். பேப்பர்ல முன்கூட்டிய ஓய்வுன்னு இருக்கணும், வெறும் ராஜினாமான்னு இருக்கக் கூடாது. கம்பெனிகிட்ட அந்தச் சான்றை வேலையில இருக்கும்போதே வாங்கிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா உங்களைத் தெரிஞ்ச ஆளே அங்க இருக்க மாட்டாங்க. சில சமயம் கம்பெனியே இருக்காது.

சரி, இன்சூரன்ஸ். "ஆபீஸ்ல 5 லட்சம் போட்டிருக்காங்க, எனக்கு எதுக்குத் தனியா?"ன்னு கேக்குறவங்களுக்கு என் பதில் ஒண்ணுதான். பெரிய நோய் வந்தா வேலை போகும், வேலை போற அன்னிக்கே அந்த 5 லட்சமும் போகும். எப்ப வேணுமோ அப்பத்தான் இருக்காது. அதுக்கு அப்புறம் புதுசா எடுக்கப் போனா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாசம் வரை காத்திருப்பு. இல்லன்னா தரவே மாட்டேன்னு சொல்லுவாங்க. அதனால நல்லா இருக்கும்போதே, சின்னதா இருந்தாலும் பரவால்ல, சொந்தமா ஒண்ணு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் ஆயிடுச்சு. முன்னாடி 20,000 பிரீமியத்துக்கு 23,600 கட்டினோம். இப்ப 20,000. அந்த 3,600-ஐ வேற எதுக்கும் எடுக்காதீங்க, சூப்பர் டாப்-அப்னு இருக்கிற கூடுதல் பாலிசிக்குக் கொடுங்க. 5 லட்சத்துக்கு மேல வர்றதை அது தாங்கும். அந்த முதல் 5 லட்சத்தை ஆபீஸ் பாலிசி கட்டினாலும் சரி, உங்க கைக்காசானாலும் சரி.

சுகர், பிபி மாத்திரை போடறதை மறைக்காதீங்க. தொடர்ந்து 60 மாசம் கட்டினதுக்கு அப்புறம் மோசடின்னு நிரூபிக்காம கிளெய்மைத் தள்ள முடியாதுன்னு விதி இருக்கு. ஆனா அந்த 60 மாசத்துக்குள்ள நோய் வராதுன்னு யார் சொல்றது?

இப்ப ரூம் ரென்ட். இதுக்குன்னே ஏற்கெனவே ரெண்டு வீடியோ போட்டிருக்கேன், இருந்தாலும் மறுபடி சொல்லுவேன். பாலிசில ஷெட்யூல்னு முதல் ரெண்டு பக்கம் இருக்கும். அதுல "அறை வாடகை: காப்புத் தொகையில் 1%"ன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. 3 லட்சம் பாலிசின்னா நாளைக்கு 3,000. நீங்க 6,000 ரூபாய் ரூம்ல 5 நாள் இருக்கீங்க. எல்லாரும் என்ன நினைக்கிறோம்? வித்தியாசம் நாளைக்கு 3,000, அஞ்சு நாளைக்கு 15,000, அதை நாம கட்டிட்டாப் போச்சுன்னு. அது இல்ல! தகுதியான ரூமை விட ரெண்டு மடங்கு வாடகைல தங்கினதால, ரூமோட சேந்த மத்த செலவையும் பாதியாக்குவாங்க. பில் இப்படின்னு வைங்க: ரூம் 30,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் எல்லாம் சேத்து 1,60,000. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் 90,000. மொத்தம் 2,80,000. ரூமுக்கு 15,000 தருவாங்க. அந்த 1,60,000-க்கு 80,000 தருவாங்க. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட்டை வெட்டக் கூடாது, அது முழுசு, 90,000. ஆக 1,85,000. உங்க கைலேர்ந்து 95,000 போகுது. 15,000-னு நினைச்சது 95,000! பாலிசித் தொகைக்குள்ளதான் பில்லே இருக்கு, அப்பவும் இந்த நிலைமை. ரூம் வாடகைக்கு உச்சவரம்பே இல்லாத பாலிசியா பாருங்க, ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் கூடப் போனாலும் பரவால்ல. ஏற்கெனவே இந்த வரி உள்ள பாலிசிதான்னா, அட்மிஷன் கவுன்ட்டர்ல முதல் வார்த்தையே "என் தகுதி 3,000 ரூம், அதுக்கு மேல வேண்டாம்"னு சொல்லுங்க. ஐசியு-வுக்கு இந்த விகித வெட்டு வராது.

ஆங், ஆபீஸ் பாலிசில ஒண்ணு விட்டுட்டேன். வேலையை விட்டு வெளிய வரும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனில தனிநபர் பாலிசிக்கு மாத்திக்கக் கேக்கலாம். ஆபீஸ் பாலிசில இருந்த வருஷங்கள் காத்திருப்புக் காலத்துல கழியும். ஆனா குரூப் காப்பு உயிரோட இருக்கும்போதே கேக்கணும். கடைசி நாளுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே ஹெச்ஆருக்கு மெயில் போட்டுடுங்க. இதுவும் ராஜினாமாவுக்கு முந்தின தாள்தான்.

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி, அதாவது பெரிய நோய் வந்தா மொத்தமாப் பணம் தர்ற பாலிசி, எடுங்கன்னு நானே முன்னாடி சொல்லியிருக்கேன், இப்பவும் சொல்றேன். சம்பளம் நின்ன வீட்டுக்கு ஆஸ்பத்திரி பில் மட்டும் பிரச்சினை இல்ல, அடுத்த மாச அரிசி, வாடகை, இஎம்ஐ எல்லாம் இருக்கு. அதுக்குத்தான் மொத்தமாக் கைல வர்ற இந்தப் பணம். ஆனா ஒவ்வொரு நோய்க்கும் பாலிசில கொடுத்திருக்கிற விளக்கத்தைப் படிச்சுட்டு எடுங்க. பக்கவாதம்னா நரம்புக் குறைபாடு குறைஞ்சது 3 மாசம் நீடிச்சதுக்கு ஆதாரம் கேப்பாங்க. ஒரே நாள்ல சரியாப் போற சின்ன அடைப்பு இதுல வராது. ஆரம்ப நிலை, பரவாத புற்றுநோய் பெரும்பாலான பாலிசில வராது. எடுத்த முதல் 90 நாள்ல வர்றதும் வராது. நோய் தெரிஞ்சதுக்கு அப்புறம் இத்தனை நாள் உயிரோட இருக்கணும்னு ஒரு கணக்கும் பல பாலிசில இருக்கு, 30 நாள்னு அடிக்கடி பாக்கலாம். வாரா வாரம் பணம் தர்ற விபத்து பாலிசியை இதோட குழப்பிக்காதீங்க, அது விபத்துக்கு மட்டும்தான். கிட்னி போச்சுன்னா அதுலேர்ந்து ஒரு பைசா வராது.

எவ்வளவு சேக்கணும்? நீளமாப் போக மாட்டேன், தனி வீடியோ இருக்கு. வீட்டுச் செலவு மாசம் 40,000, 48 வயசுல வருமானம் நிக்குதுன்னு வைங்க. சேமிப்புல வர்ற வட்டி வரி போக விலைவாசிக்குச் சமமா ஓடுதுன்னு வச்சாலே 58 வரைக்கும் 48 லட்சம் வேணும். 85 வரைக்கும்னா 1 கோடியே 77 லட்சத்துச் சொச்சம். அந்தத் தொகையைப் பாத்து மலைச்சு உக்காராதீங்க. முதல்ல ஒரு வருஷச் செலவு, அதுவும் ரெண்டு பேரும் எடுக்கிற மாதிரி அக்கவுண்ட்ல.

அந்த "ரெண்டு பேரும் எடுக்கிற மாதிரி"தான் அடுத்த சிக்கல். எஃப்டி எல்லாம் வீட்டுக்காரர் பேர்ல. அவர் வென்டிலேட்டர்ல. போன் லாக். என்ன பண்ணுவீங்க? நாமினின்னா இறந்த அப்புறம்தான், உயிரோட இருக்கும்போது நாமினிக்கு ஒரு உரிமையும் கிடையாது. பவர் ஆஃப் அட்டர்னி இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க. எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை நிரந்தரமா இழந்துட்டா நம்ம நாட்டுச் சட்டப்படி அந்தப் பவர் நிக்காது. 2024-ல கோமால இருந்த ஒருத்தரோட மனைவி, சொத்தை வித்து வைத்தியம் பாக்கணும்னு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் தன்னைப் பாதுகாவலரா நியமிக்க உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் வேண்டாம்னா, சேமிப்புக் கணக்கையும் ஒரு எஃப்டியையாவது "ஐதர் ஆர் சர்வைவர்"னு (ரெண்டு பேர்ல ஒருத்தர் கையெழுத்தே போதும், எஃப்டின்னா முதிர்ந்த அப்புறம்) கூட்டா மாத்துங்க. "ஃபார்மர் ஆர் சர்வைவர்"னு டிக் பண்ணிடாதீங்க, அதுல முதல் ஆள் இருக்கிற வரைக்கும் அவர் கையெழுத்துதான் செல்லும்.

நினைவு இருக்கு, கைதான் வரலன்னா வழி இருக்கு. கைரேகை வைக்கலாம், அதுவும் முடியலன்னா கால் பெருவிரல் ரேகை வைக்கலாம். ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரி. ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. கிளைல "முடியாது"ன்னு சொன்னா, எழுத்துல கொடுங்கன்னு பொறுமையாக் கேளுங்க.

கடைசியா இனிஷியல். நம்ம ஊர்க்காரங்களுக்கே உரிய தலைவலி. பிஎஃப்ல "கே செல்வம்". ஆதார்ல "செல்வம் கந்தசாமி". பான்ல இனிஷியலை விரிச்சு எழுதச் சொன்னதால "கந்தசாமி செல்வம்". மூணும் ஒரே ஆள்தான், ஆனா கம்ப்யூட்டருக்கு மூணு பேர். நோய்க்காக பிஎஃப் அட்வான்ஸ் போடறீங்க, பேர் பொருந்தலன்னு திருப்பி அனுப்புது. 2017 அக்டோபருக்கு அப்புறம் வாங்கின, ஆதாரோட சரிபாத்த யுஏஎன்னா (உங்க பிஎஃப் நம்பர்) 2025-லேர்ந்து நீங்களே ஆன்லைன்ல திருத்திக்கலாம். அதுக்கு முந்தின யுஏஎன்னா கம்பெனி ஒப்புதல் வேணும். அதான் சொல்றேன், வேலையில இருக்கும்போதே. இன்னிக்கே மூணு கார்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, புள்ளி, இடைவெளி, எழுத்து எல்லாத்தையும் பாருங்க. ஆதாரை அடிப்படையா வச்சுக்கிட்டு மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. அப்படியே பிஎஃப்ல ஆன்லைன்ல நாமினி பேர் பதியற இ-நாமினேஷனும். கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது கல்யாணத்துக்கு அப்புறம் செல்லாது, புதுசாப் போடணும். விவரம் எல்லாம் ஏத்திட்டு கடைசில ஆதார் ஓடிபி போட்டு இ-சைன் பண்ணணும். நிறைய பேர் சேவ் பண்ணிட்டு அதோட விட்டுடறாங்க. அப்ப அது பெண்டிங்லதான் கிடக்கும்.

இந்த பச்சை ஃபைல்ல தாள் எல்லாம் இந்த வரிசைலதான் அடுக்கியிருக்கேன், கேமராவுக்குக் கிட்ட காட்டறேன் பாருங்க. மேல டாக்டர் சர்டிஃபிகேட், அதுக்குக் கீழ லீவ் லெட்டர், இஎஸ்ஐ தாள், 10டி, ஆபீஸ் பாலிசியை மாத்தக் கேட்ட மெயில், கிராஜுவிட்டி கேட்டு எழுதினது. அடில கிடக்கு பாருங்க, இதுதான் ராஜினாமா. "மருத்துவக் காரணங்களால் பணியைத் தொடர இயலாததால்"னு ஆரம்பிக்குது. மாதிரி வாசகம் கீழ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. தேதிக்கான இடத்தை மட்டும் காலியா விட்டிருக்கேன். மேல இருக்கிற தாளுக்கெல்லாம் அக்னாலெட்ஜ்மென்ட் கைக்கு வந்ததுக்கு அப்புறம் தேதியைப் போடுங்க.